காஞ்சிபுரத்து அண்ணாவும் குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கும்: மாநில முடிவை வச்சு டெல்லி முடிவைச் சொல்ல முடியுமா?

1969 ஆகஸ்ட் 20. குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுக்காக நாடே காத்திருந்த நாள். முதல் விருப்ப ஓட்டுகளில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாவது விருப்ப ஓட்டுகளையும் சேர்த்து எண்ணிய பிறகு வி.வி.கிரிக்கு 4,20,077, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் வெறும் 14,650.

இந்த முடிவுக்கான விதை இரண்டரை வருஷத்துக்கு முன்னாடி தமிழ்நாட்டில் நடந்த ஒரு சட்டமன்றத் தேர்தலில் விழுந்தது. அந்தத் தேர்தலை ஜெயித்துக் கொடுத்தவர் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என்.அண்ணாதுரை. ஆனால், கிரி ஜெயித்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே, பிப்ரவரி 3-ம் தேதி காலமாகிவிட்டார்.

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் கருத்துக்கணிப்பு எடுத்து, அதைக் கூட்டி, 538 தேர்வாளர் ஓட்டுகளில் 270-ஐ யார் தொடுவார்ன்னு கணிப்பாங்க. நம்ம ஊரில் அதற்கு நிகரா என்ன இருக்கு? அதை அண்ணாவோட வாழ்க்கையை வச்சே புரிஞ்சுக்கலாம். மாநிலத் தேர்தலை வைத்துக் கணிப்பவர்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுவார்களோ, அத்தனை இடமும் அவர் கதையில் இருக்கு.

முதல்ல, ஓட்டு மதிப்புன்னா என்ன?

குடியரசுத் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி-க்களும் எம்.எல்.ஏ-க்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். எல்லா எம்.எல்.ஏ ஓட்டும் சமம் கிடையாது. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ-க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வர்றதை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ-வின் ஓட்டு மதிப்பு கிடைக்கும்.

1967-ல் சென்னை மாநிலத்தின் மக்கள்தொகை, 1961 கணக்கெடுப்புப்படி, சுமார் 3 கோடியே 37 லட்சம். எம்.எல்.ஏ-க்கள் 234 பேர். கணக்குப் போட்டால் ஒருவரின் ஓட்டு மதிப்பு 144. நாடு முழுக்க எல்லா எம்.எல்.ஏ-க்களின் மதிப்பையும் கூட்டி, அதை எம்.பி-க்களுக்குச் சமமாகப் பிரித்தபோது ஒரு எம்.பி-யின் மதிப்பு 576. இந்த இரண்டு எண்ணையும் ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர் 15. அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது தொத்தா என்று அவர் அழைத்த சிற்றன்னை ராஜாமணி அம்மாள். காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்பக் கஷ்டத்தால் கொஞ்ச காலம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் கிளார்க் வேலையும் பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ வாங்கினார்.

தேர்தல் அவருக்கு முதலில் கொடுத்தது தோல்விதான். 1930-களின் நடுவில் நீதிக்கட்சி சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். அந்தச் சமயத்தில்தான் பெரியாரோடு சேர்ந்தார். பத்திரிகை, மேடை, இந்தி எதிர்ப்பு, சிறை என்று வாழ்க்கை வேறு பாதையில் போனது. 1942-ல் காஞ்சிபுரத்திலிருந்தே 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 1949 செப்டம்பர் 17-ல் தி.மு.க பிறந்தது. அதே வருஷம் அவர் எழுதிய 'நல்லதம்பி', 'வேலைக்காரி' படங்களும் வெளிவந்தன.

கட்சி தொடங்கிவிட்டாரே தவிர, 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் தி.மு.க போட்டியிடவில்லை. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதை 1956-ல் திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்து, தொண்டர்களிடமே ஓட்டெடுத்துத்தான் முடிவு செய்தார். நிற்கலாம் என்ற பக்கமே பெருவாரியாக ஓட்டு விழுந்தது.

பாடம் 1: மாநிலம் வேற, தொகுதி வேற

1957-ல் தி.மு.க-வுக்கு 15 எம்.எல்.ஏ-க்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவே ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். 1962-ல் அந்த 15, 50 ஆனது. கட்சி மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தாச்சு. அப்போ தலைவர் இன்னும் சுலபமா ஜெயிச்சிருப்பார்னுதானே நினைப்போம்?

தோற்றுவிட்டார். அதுவும் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில். ஜெயித்தவர் காங்கிரஸின் எஸ்.வி.நடேச முதலியார். முந்தைய முறை ஜெயித்தவர்களை இந்த முறை எப்படியாவது வீழ்த்துவது என்று காங்கிரஸ் குறிவைத்து வேலை செய்தது. மாநில அலை ஒரு பக்கம் அடிக்க, அதே அலைக்கு நடுவில் ஒரு தொகுதி எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

கணிப்பவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை. மாநிலம் முழுக்க எடுத்த சராசரியை அப்படியே ஒரு தொகுதி மேல் வைத்துப் பார்க்க முடியாது. 2016-ல் அமெரிக்காவிலும் இதே மாதிரி ஆச்சு. தேசிய அளவில் ஹிலாரி கிளிண்டனே அதிக ஓட்டு வாங்கினார். ஆனால் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்கள் கைவிட்டதால் ஆட்சி டிரம்ப்புக்குப் போனது.

தோற்ற அண்ணா அதே 1962-ல் மாநிலங்களவைக்குப் போனார். அந்த வருஷம்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன் 5,53,067 ஓட்டு மதிப்போடு குடியரசுத் தலைவர் ஆனார். அவருக்கு அடுத்து வந்தவர் வாங்கியது 6,341. எதிர்த்து வலுவான வேட்பாளரே இல்லை. மத்தியிலும் பெரும்பாலான மாநிலங்களிலும் காங்கிரஸ் கையில் ஆட்சி இருந்தவரை, இந்தத் தேர்தலைக் கணிக்க யாருக்கும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை.

பாடம் 2: சதவீதம் வேற, சீட்டு வேற

1967 பிப்ரவரி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. அரிசித் தட்டுப்பாடு வேறு. அண்ணா செய்த பெரிய காரியம் கூட்டணி. தன்னை ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பிய அரசின் தலைவரான ராஜாஜியோடே கைகோத்தார். சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட்கள் என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத கட்சிகளை ஒரே அணியில் சேர்த்தார். காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்பார்களே, உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே பிரியாமல் கோப்பது. கிட்டத்தட்ட அந்த வேலை.

முடிவைப் பாருங்க. காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 41 சதவீதத்துக்குச் சற்று மேல். தி.மு.க வாங்கியது 41-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஆமா, ஓட்டு சதவீதத்தில் காங்கிரஸ்தான் முன்னிலை! ஆனால் சீட்டு: தி.மு.க 137, காங்கிரஸ் 51.

காரணம் ரொம்ப சிம்பிள். காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க நின்றது 174 தொகுதியில் மட்டும். மீதியைக் கூட்டணிக்குக் கொடுத்துவிட்டது. எதிர் ஓட்டு சிதறாமல் ஒரே பெட்டியில் விழுந்தது. விருதுநகரில் காமராஜரும், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார்கள். அண்ணாவே சட்டமன்றத்துக்கு நிற்காமல், தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில்தான் நின்றிருந்தார். ஜெயித்த பிறகு அந்த எம்.பி பதவியை விட்டுவிட்டு, மேலவை உறுப்பினராகி முதலமைச்சராகத் தொடர்ந்தார்.

ஒரு சுவாரஸ்யமான விஷயம்: மேலவை உறுப்பினர்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு கிடையாது. 137 எம்.எல்.ஏ-க்களை ஜெயிக்க வைத்த தலைவர், ஓட்டே இல்லாத ஒரு பதவியில் போய் உட்கார்ந்தார்.

சீட்டை மதிப்பா மாத்தினா?

இப்போ அந்த 144-ஐ எடுத்துக்கோங்க. 1962-ல் இருந்த அதே விகிதத்தை 1967-லும் காங்கிரஸ் காப்பாற்றியிருந்தால் 234-ல் சுமார் 158 சீட்டு. மதிப்பு 22,752. உண்மையில் கிடைத்தது 51 சீட்டு, 7,344. ஒரே ஒரு மாநிலத்தில் 15,000-க்கு மேல் இழப்பு.

இது சென்னை மாநிலத்தில் மட்டும் நடந்திருந்தால் டெல்லி கண்டுகொண்டிருக்காது. வங்காளம், கேரளம், பிகார், ஒடிஷா, பஞ்சாப் என்று பல மாநிலங்களில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தது. மக்களவையிலும் 283 இடத்தோடுதான் தப்பித்தது. பலன், 1967 மே குடியரசுத் தலைவர் தேர்தலில் உடனே தெரிந்தது. காங்கிரஸ் வேட்பாளர் ஜாகிர் உசேன் 4,71,244. எதிர்க்கட்சிகள் நிறுத்திய முன்னாள் தலைமை நீதிபதி சுப்பா ராவ் 3,63,971. ஐந்து வருஷத்துக்கு முன்னாடி வெறும் சடங்காக இருந்த தேர்தல், நிஜப் போட்டியாக மாறிவிட்டது.

இங்கேதான் நமக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே மக்கள் இனிமேல் எப்படிப் போடுவார்கள் என்று கணிக்க வேண்டும். இங்கே மக்கள் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார்கள். மாநிலத் தேர்தல் முடிவுகள்தான் நமக்கான சர்வே. ஒவ்வொரு மாநிலத்திலும் யாருக்கு எத்தனை சீட்டு என்று எடுத்து, மதிப்பால் பெருக்கிக் கூட்டினால், பாதி கிணறு தாண்டிய மாதிரி.

மீதிப் பாதி?

பாடம் 3: காகிதம் வேற, பெட்டி வேற

முதலமைச்சராக அண்ணாவுக்குக் கிடைத்தது இரண்டு வருஷம்கூட முழுசா இல்லை. அதற்குள் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம், இருமொழிக் கொள்கை, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர். அந்தப் பெயர் 1969 ஜனவரி 14-ல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மூன்றே வாரத்தில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. 59 வயதுதான்.

அண்ணா இறந்து சரியாக மூன்று மாதம். மே 3-ம் தேதி ஜாகிர் உசேனும் பதவியில் இருக்கும்போதே காலமானார். மறுபடியும் தேர்தல்.

காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. கட்சி பலத்தைக் காகிதத்தில் கூட்டினால் அவர்தான் முன்னிலை. ஆனால் காங்கிரஸுக்குள்ளேயே பிளவு. பிரதமர் இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொல்லிவிட்டார். சுயேச்சையாக நின்ற கிரி பக்கம் காங்கிரஸின் ஒரு பகுதி சாய்ந்தது. அண்ணாவுக்குப் பின் கருணாநிதி தலைமையில் இருந்த தி.மு.க-வும் கிரியை ஆதரித்தது.

இப்போ கடைசிக் கணக்கு. 1967-ல் கிடைத்த பலத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தி.மு.க-வின் 137 எம்.எல்.ஏ-க்கள், தலா 144: மொத்தம் 19,728. மக்களவையில் 25 எம்.பி-க்கள், தலா 576: மொத்தம் 14,400. இரண்டும் சேர்ந்தால் 34,128. கிரி ஜெயித்த வித்தியாசம் 14,650.

ரகசிய ஓட்டு என்பதால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தலையை எண்ணிச் சொல்ல முடியாது. கிரியின் வெற்றிக்குப் பங்களித்த மற்ற கட்சிகளும் உண்டு. ஆனாலும் இந்த 34,000 ஓட்டு அவர் பக்கம் இல்லாமல் போயிருந்தால், ராஷ்டிரபதி பவனுக்குப் போயிருப்பது வேறொருவர். அதற்குப் பிறகு காங்கிரஸ் உடைந்தது, இந்திராவின் காலம் தொடங்கியது. எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு செல்லாது. அதனால்தான் சீட்டுக் கணக்கு மட்டும் போதாது. கட்சி ஒன்றாக இருக்கிறதா, கூட்டணி நிலைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கணிப்பும் கடைசியில் மனிதர்கள்கிட்ட வந்துதான் நிக்கும்.

இன்னைக்கு நமக்கு என்ன?

இப்போது தமிழ்நாட்டு எம்.எல்.ஏ ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்று நான்கு தொகுதி. நான்கையும் கூட்டினால் 704. 2022 தேர்தலில் ஒரு எம்.பி-யின் மதிப்பே 700-தான். மொத்தத் தமிழ்நாட்டின் மதிப்பு 41,184.

இந்த 176, 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்று அந்த எண்ணை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. அதன் பிறகு புது மக்கள்தொகை வந்தால், வேகமாக வளர்ந்த வட மாநிலங்களின் பங்கு கூடும், நம் பங்கு குறையும். தொகுதி மறுவரையறை பற்றிப் பேசும்போது மக்களவை சீட்டை மட்டும்தான் பேசுகிறோம். நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு இருக்கும் எடையும் அதே தராசில்தான் இருக்கு.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-ல் வர வேண்டும். 2026 சட்டமன்றத் தேர்தல் வழியாக வரும் எம்.எல்.ஏ-க்களுக்குத்தான் அதில் ஓட்டு. அதனால், உள்ளூர்ல ரோடு போடவும் தண்ணி வரவும் மட்டும்தான் எம்.எல்.ஏ-ன்னு நினைச்சு விரலில் மை வச்சுக்காதீங்க. 1967-ல் வரிசையில் நின்ற காஞ்சிபுரத்து நெசவாளர்களும், இரண்டரை வருஷம் கழித்து யார் குடியரசுத் தலைவராக வருவார் என்பதில் தங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும்னு அன்னைக்கு நினைச்சிருக்க மாட்டாங்க.