கடல் கடந்த நெசவாளர் மகன்

ஸ்காட்லாந்து நாட்டின் டன்பெர்ம்லின் நகரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கு வில்லியம் கார்னகி என்னும் கைத்தறி நெசவாளர் வாழ்ந்தார். அவருடைய மூத்த மகனாக ஆண்ட்ரூ கார்னகி 1835ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் பிறந்தார். வில்லியமும் நெசவாளர் சிலரும் தத்தம் புத்தகங்களை ஒன்றுசேர்த்து, ஊரார் படிப்பதற்காகச் சிறு நூலகம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தனர்.

நீராவியால் இயங்கும் விசைத்தறிகள் வந்தன. கைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வில்லியமுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. தாய் மார்கரெட், சிறு கடை நடத்தியும் காலணி தைத்தும் குடும்பத்தைக் காத்தார். அவருடைய சகோதரியர் முன்பே அமெரிக்காவில் குடியேறியிருந்தனர். அங்கே செல்வதென இக்குடும்பமும் முடிவு செய்தது. தறியையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் விற்றும் பயணச் செலவுக்குப் பணம் போதவில்லை. குடும்ப நண்பரான ஒரு பெண்மணி 20 பவுண்டு கடன் கொடுத்து உதவினார்.

1848ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிலிருந்து பாய்மரக் கப்பல் புறப்பட்டது. பன்னிரண்டு வயதான ஆண்ட்ரூ, மாலுமிகளோடு பழகிப் பாய்களின் பெயர்களைக் கற்றார். அவர்களுக்குச் சிறு உதவிகளும் செய்தார். ஏழு வாரங்களுக்குப் பின் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து ஆறு, கால்வாய், ஏரி எனப் படகுகளில் மேலும் மூன்று வாரங்கள் பயணம் செய்து, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலிகெனியில் உறவினர் வீட்டைச் சேர்ந்தனர்.

புதிய நாட்டிலும் வறுமை தொடர்ந்தது. பஞ்சாலையில் நூலுருளைகளை மாற்றும் பணியில் ஆண்ட்ரூ சேர்ந்தார். இருள் விலகுமுன் வேலைக்குச் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்பினார். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். பின்னர்த் தந்தி அலுவலகத்தில் செய்தி கொண்டு செல்லும் பணி கிடைத்தது. நகரின் வணிக நிலையங்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்தார். தந்தி ஒலியைக் காதால் கேட்டே செய்தியை எழுதவும் பழகினார். குடும்பத்தார் சிறுகச் சிறுகச் சேமித்து, 20 பவுண்டு கடனைத் திருப்பி அனுப்பினர்.

அந்நாளில் ஆண்டர்சன் என்னும் பெரியவர், தம்மிடமிருந்த ஏறத்தாழ 400 நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்தார். பள்ளிப் படிப்பைத் தொடர இயலாத ஆண்ட்ரூவுக்கு அந்நூல்களே ஆசிரியராயின.

ஒருமுறை, தாம் நெய்த மேசைவிரிப்புகளை விற்பதற்காகத் தந்தை படகில் சென்றார். வழியில் அவரைக் காணச் சென்ற ஆண்ட்ரூ, அறைக் கட்டணம் செலுத்த வசதியின்றி அவர் மேல்தளத்திலேயே இரவைக் கழிக்கப் போவதை அறிந்து வருந்தினார். பெற்றோர் இருவரும் சொந்த வண்டியில் செல்லும் நாள் வரும் என்று தேற்றினார். ஆனால், அந்நாளைக் காணாமலே 1855ஆம் ஆண்டு தந்தை மறைந்தார்.

கார்னகி இரயில்வேப் பணியில் உயர்ந்தார்; பின்னர் எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வர் ஆனார். எனினும் 1892ஆம் ஆண்டு அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பால் போராட்டம் மூண்டது. அப்போது அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். மோதலில் உயிர்கள் பலியாயின, தொழிற்சங்கமும் ஒடுக்கப்பட்டது. இயந்திரத்தால் பிழைப்பிழந்த நெசவாளரின் மகனது ஆலையிலேயே தொழிலாளர் இவ்வாறு துன்புற்றது, அவர் வாழ்வில் நீங்காத கறையாயிற்று.

1901ஆம் ஆண்டு நிறுவனத்தை விற்றபின், செல்வத்தின் பெரும்பகுதியைப் பொதுப்பணிகளுக்கு வழங்கினார். அவர் கொடையால் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் உலகின் பல பகுதிகளில் எழுந்தன. அவற்றுள் முதலாவது, 1883ஆம் ஆண்டு டன்பெர்ம்லின் நகரில் திறக்கப்பட்டது. நெசவாளர்கள் புத்தகங்களைப் பகிர்ந்து படித்த அதே ஊரில், அவர்களுள் ஒருவரின் மகன் நூலகம் எழுப்பினார். கார்னகி 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இயற்கை எய்தினார்.

வினாக்கள்

1. கார்னகி குடும்பம் தாய்நாட்டை விட்டு வெளியேறியது ஏன்?
2. ஆண்டர்சனின் உதவி, கார்னகியின் பிற்காலக் கொடைக்கு எவ்வாறு வித்திட்டது?
3. ஹோம்ஸ்டெட் நிகழ்வையும் நூலகக் கொடையையும் ஒப்பிட்டு, உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.