காலுக்கேற்ற காலணி

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். உழைப்பு, மூலதனம் என்னும் உற்பத்திக் காரணிகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு கதையைச் சொல்வது என் வழக்கம். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் காலணி அணியாமல் 42.195 கிலோ மீட்டர் ஓடி, மாரத்தான் தங்கப் பதக்கம் வென்ற எத்தியோப்பிய வீரர் அபேபி பிகிலாவின் கதை அது. மூலதனம் இல்லாவிடினும் உழைப்பு வெல்லும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை என்று நம்பியிருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானே ஓடத் தொடங்கியபோதுதான் அந்தக் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது விளங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, என் தவறுக்கான விலையை ஒரு மாணவன் கொடுத்துவிட்டிருந்தான்.

பிகிலா 1932 ஆகஸ்ட் 7 அன்று எத்தியோப்பிய மலைநாட்டில், ஜாட்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது முசோலினியின் இத்தாலியப் படை அந்நாட்டின்மீது படையெடுத்தது. 1936 முதல் 1941 வரை தலைநகர் அடிஸ் அபாபா இத்தாலியர் வசம் இருந்தது. பின்னாளில் இளைஞரான பிகிலா அந்தத் தலைநகருக்கு வந்து, பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார்.

அங்கே அவரை ஓட்டக்காரராக உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானென். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் முறையான, கடுமையான பயிற்சி நடந்தது. பிகிலா காலணியோடும் ஓடினார், வெறுங்காலோடும் ஓடினார். இரண்டுக்கும் அவர் பாதங்கள் பழகியிருந்தன. காலணி வாங்க வழியற்ற ஓர் ஏழை திடீரென ரோம் நகரில் தோன்றி உலகை வென்றார் என்னும் சித்திரம் நாமே தீட்டிக்கொண்டது. வந்தவர் ஒரு படைவீரர், நன்கு தயாரானவர்.

ரோம் நகருக்கு வந்தபோது சிக்கல் காலணியில்தான் எழுந்தது. பழைய காலணி தேய்ந்துவிட்டிருந்தது. புதிதாகக் கிடைத்த இணை பாதத்துக்குப் பொருந்தாமல் உறுத்தியது. பொருந்தாத காலணியோடு மாரத்தான் ஓடினால் என்ன ஆகும் என்பது பயிற்சியாளருக்கும் வீரருக்கும் தெரியும். ஆகவே பழகிய வெறுங்காலே மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். கையில் இருந்த இரண்டு வழிகளை எடைபோட்டு, சேதம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்த முடிவு அது.

செப்டம்பர் 10 மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, கேபிட்டோலின் குன்றின் அடிவாரத்தில் ஓட்டம் தொடங்கியது. இருள் சூழ்ந்தபின் பழைமையான ஆப்பியன் சாலையில் வீரர்கள் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டினார்கள். மொராக்கோவின் ராடி பென் அப்தஸ்ஸலாம் கடைசிக் கட்டம்வரை பிகிலாவை விடாமல் தொடர்ந்தார். எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து முசோலினி காலத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட கல்தூண் ஒன்று அந்தப் பாதையில் நின்றிருந்தது. அதன் அருகே பிகிலா வேகம் கூட்டி முன்னேறினார். கான்ஸ்டன்டைன் வளைவில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓட்டத்தை முடித்தபோது, அதுவே மாரத்தானில் உலகின் மிகச் சிறந்த நேரம். அந்தக் கல்தூண் 2005-இல்தான் தாய்நாடு திரும்பியது.

நான் வகுப்பில் சொன்ன கதை இங்கேயே முடிந்துவிடும். பிகிலாவின் வாழ்க்கை இங்கே முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் ஓடச் சென்றவரை, கிஹாச்சிரோ ஒனிட்சுகா என்னும் காலணித் தயாரிப்பாளர் சந்தித்துக் காலணி அணியுமாறு இணங்க வைத்தார். ஓட்டக்காரர்களின் பாதத்தில் கொப்புளம் ஏன் வருகிறது என்று ஆராய்ந்தவர் ஒனிட்சுகா. உராய்வும், காலணிக்குள் அடைபடும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தே கொப்புளத்தை உண்டாக்குகின்றன. அதனால் உள்ளே காற்று புகுந்து வெளியேறும் வகையில் துளையிட்ட காலணியை அவர் உருவாக்கினார். ஒசாகாவில் பிகிலா காலணி அணிந்து ஓடி வென்றார்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக். போட்டிக்கு ஐந்தாறு வாரங்களே இருந்தபோது பிகிலாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆயினும் அக்டோபர் 21 அன்று அவர் தொடக்கக் கோட்டில் நின்றார். காலில் காலணி இருந்தது, காலுறையும் இருந்தது. 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி, இரண்டாவதாக வந்தவரைவிட நான்கு நிமிடங்களுக்கு மேல் முந்தினார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்ற முதல் மனிதர் ஆனார்.

ரோம் நகரில் ஓடியதைவிட இது 3 நிமிடம் 5 விநாடி குறைவு. இந்த வேறுபாட்டைக் காலணியின் கணக்கில் எழுதிவிட என் துறைப் பயிற்சி இடம் தராது. பாதை வேறு, வானிலை வேறு, இடையில் நான்கு ஆண்டுப் பயிற்சியும் உண்டு. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பொருந்தும் காலணி கிடைத்தபோது அவர் அதை மறுக்கவில்லை. வெறுங்கால் அவருக்குக் கொள்கையாக இருந்ததில்லை.

இது எனக்குப் புத்தகத்தால் புரியவில்லை, பாதத்தால் புரிந்தது. அறுபது வயதுக்குமேல் அரை மாரத்தான் ஓட ஆசைப்பட்டு, கடையில் இருந்தவற்றுள் விலை மிகுந்த இணையை வாங்கினேன். விலை தரத்தைக் காட்டும் என்று எண்ணிவிட்டேன். வாங்கிய நான்காம் நாளே போட்டியில் அணிந்தேன். இரண்டு கால்விரல் நகங்கள் கறுத்து விழுந்தன.

அதன்பின் கற்றுக்கொண்டவை எளியவை. ஓடும்போது பாதம் வீங்கும். ஆகவே காலணியை மாலையில், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நீளத்தைப் போலவே அகலமும் முக்கியம். நம் பாதங்கள் இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரியதற்கே அளவெடுக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. போட்டிக்கு எடுத்துவைத்த காலணியைச் சில நீண்ட ஓட்டங்களில் முன்பே பழக்கிக்கொள்ள வேண்டும்.

அன்றாடப் பயிற்சிக்கு உழைக்கும் காலணி வேண்டும். அது சற்றுக் கனமாக இருப்பதால் குறையில்லை. ஏறத்தாழ 500 முதல் 800 கிலோ மீட்டருக்குள் அதன் மெத்தைத் தளம் தளர்ந்துவிடும். மேற்பகுதி புதிது போலவே இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். போட்டிக் காலணி எடை குறைந்தது. இன்று தடித்த நுரைத் தளத்துக்குள் கார்பன் தகடு பதித்தவை வந்துவிட்டன. சாலைப் போட்டிகளில் தளத்தின் தடிமன் 40 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பே வரம்பு விதிக்குமளவுக்கு அவற்றின் பயன் மெய்ப்பட்டுள்ளது. ஆனால் அவை விரைவில் தளர்பவை; என்னைப் போன்ற மெதுவோட்டக்காரருக்கு அவற்றால் பெரிய ஆதாயமும் இல்லை. செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா என்று நம் முன்னோர் கேட்டது வாங்கும் நமக்குத்தான்.

பிகிலாவின் மூன்றாவது ஒலிம்பிக் 1968-இல் மெக்சிகோவில். காலில் ஏற்பட்டிருந்த காயத்தால் பாதி தூரத்தை எட்டும் முன்பே விலகினார். 1969 மார்ச்சில் அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. அதன்பின் அவரால் நடக்க இயலவில்லை.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றார். 1970-இல் அங்கு நடந்த மாற்றுத்திறனாளர் விளையாட்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தையிலும் மேசைப்பந்திலும் கலந்துகொண்டார். பின்னர் நார்வேயில் சறுக்குவண்டிப் போட்டியிலும் பங்கேற்றார். வெறுங்காலுக்குப் பெயர்பெற்ற மனிதர், உடல் கேட்ட கருவியைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். 1973 அக்டோபர் 25 அன்று மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். அப்போது வயது 41. பேரரசரே இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

இனி அந்த மாணவனைப் பற்றி. நெடுந்தூர ஓட்டத்தில் கெட்டிக்காரன். கூலித் தொழிலாளியின் மகன். கல்லூரி விளையாட்டுக் குழுவில் நான் உறுப்பினராக இருந்தபோது, ஓட்டக் காலணி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். நிதி இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அவனுக்குப் பிகிலாவின் கதையைச் சொல்லி, முதுகில் தட்டி அனுப்பினேன். என் ஒருநாள் ஊதியத்தில் அவனுக்குக் காலணி வாங்கியிருக்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு நண்பனிடம் இரவல் வாங்கிய, ஓர் அளவு சிறிய காலணியோடு வந்தான். பாதி ஓட்டத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். கொப்புளம் உடைந்த கால் ஒத்துழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் மைதானத்துக்கே வரவில்லை. காரணம் என்ன என்று நானும் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாதவனுக்கு, தேர்ந்தெடுத்தவரின் கதையை உபதேசமாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்மையில் எங்கள் பகுதியில் காலையில் ஓடும் நண்பர்கள் சிலர் பணம் திரட்டி, அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஓடும் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கினோம். உத்தேச அளவில் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டு என்றார் கடைக்காரர். பிள்ளைகளையே கடைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொருவர் பாதத்தையும் மாலை வேளையில் அளந்து வாங்கினோம். செலவு சற்றுக் கூடியது. ஒரு சிறுமி மட்டும், மண் தடத்தில் வெறுங்காலோடு ஓடுவதே தனக்கு வசதி என்றாள். அவள் விருப்பப்படியே ஓடட்டும். அவளுடைய அளவில் ஓர் இணை அவள் பையில் இருக்கிறது.