ரோம் வழியாகத் தமிழுக்கு வந்தவர்

உயர்நிலை மூன்றில் படித்தபோது என் பையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். ஆங்கில நாவல்தான். அதைத் தாண்டி வேறு எதையும் நான் எட்டிப் பார்த்ததில்லை. கவிதை என்றால் எனக்கு மனப்பாடம், வரலாறு என்றால் ஆண்டுகள், தமிழ் என்றால் வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமைகளில் அம்மா தேக்காவில் காய்கறி வாங்கும்போது பை தூக்கப் போவேன். அந்த வேலை முடிந்ததும் ரோச்சோர் பக்கமாக நடந்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய்விடுவேன். புத்தகத்துக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். குளிர்சாதனமும் ஒரு காரணம்.

ஒரு நாள் ஒப்படைப்பு ஒன்றுக்காகத் தமிழ் நூல்கள் இருந்த அடுக்குப் பக்கம் போக வேண்டி வந்தது. தமிழறிஞர் ஒருவரைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பாரதியார், உ.வே.சா., மு.வ. ஆகியோரை நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியவர் தனிநாயகம் அடிகள்.

உலகத் தமிழ் மாநாட்டைத் தொடங்கிய கத்தோலிக்கக் குரு என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் தொட்டிலிலேயே தொல்காப்பியம் கேட்டு வளர்ந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது தவறு என்று ஒரு பக்கத்தில் தெரிந்தது. அந்தப் பக்கத்தைத் தாண்டியும் படித்ததற்கு அதுவே காரணம்.

அவர் பிறந்தது 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி. ஊர், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன். பெற்றோர் வைத்த பெயர் சேவியர். தனிநாயகம் என்பது குடும்பத்து முன்னோர் பெயர். அதை அவர் பிற்பாடுதான் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலவழிக் கல்வி. பிறகு கொழும்பில் குருத்துவப் படிப்பு. 1934இல் ரோம் நகருக்கு மேற்படிப்புக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே இறையியல் பாடங்கள் லத்தீன் மொழியில் நடந்தன. கடைத்தெருவில் இத்தாலியம். 1938இல் குருப்பட்டம் பெற்றார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்ரியன் காலத்துக் குருமாரைப் பற்றியது. கார்த்தேஜ் என்பது இன்றைய துனீசியாவில் இருந்த பழைய நகரம். யாழ்ப்பாணத்துத் தீவில் பிறந்த ஒருவர் ரோமில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பற்றி ஆராய்ந்தார்!

அப்படியானால் தமிழ்? வீட்டில் பேசிய தமிழ் இருந்தது. பழைய இலக்கியத்தை முறையாகப் படித்ததில்லை. இங்கே நம்மில் பலருடைய நிலைமையும் ஏறக்குறைய இதுதான். என் நிலைமை நிச்சயமாக இதுதான்.

ரோமிலிருந்து திரும்பிய அவர், தமிழ்நாட்டுக்கு வந்து திருநெல்வேலிச் சீமையின் தெற்குக் கோடியில் இருக்கும் வடக்கன்குளத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டு 1940. புனித தெரேசா பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பதவி. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்தவருக்கு, ஒரு தமிழ்க் கிராமத்தில் தம் தமிழ் போதாது என்பது அங்கேதான் உறைத்தது. அப்போது அவருக்கு வயது 27. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராகச் சேர்ந்தார். டாக்டர் பட்டம் பெற்ற பாதிரியார் ஒருவர், ஒரு தமிழ்ப் பண்டிதர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். ஓராண்டு, ஈராண்டு அல்ல, நான்கு ஆண்டுகள் அளவுக்குப் படித்தார். பிறகு 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் எம்.ஏ., அதன் பின் எம்.லிட். முடித்தார்.

தாமதமாக வந்ததால் அவருக்கு ஒரு லாபம் இருந்தது என்பது என் கருத்து. சங்கப் பாடல்களைத் திறந்தபோது அவர் வெறுங்கையோடு வரவில்லை. ஹோமரும் வர்ஜிலும் ஏற்கெனவே அவர் தலைக்குள் இருந்தார்கள். எம்.லிட். பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை. தமிழ்ப் பாடல்களைக் கிரேக்க, ரோமானிய, சமஸ்கிருதக் கவிதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஆய்வு 1953இல் நூலாக வந்தது. பின்னர் 1966இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் போயட்ரி’ என்ற பெயரில் மறுபடியும் வெளியானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐந்திணையைப் பள்ளியில் ஓர் அட்டவணையாகத்தான் நான் படித்தேன். குறிஞ்சி, மலை, நள்ளிரவு, கூடல். நெய்தல், கடல், எற்பாடு, இரங்கல். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம், மறுநாள் மறதி. அடிகளாரின் ஒப்பீடு அந்த அட்டவணைக்கு உயிர் கொடுத்தது. மேலைக் கவிஞர்கள் பலரிடம் இயற்கை ஓர் அழகான இடம். ஆடு மேய்ப்பவன் அங்கே உட்கார்ந்து குழல் ஊதுவான். சங்கக் கவிஞருக்கோ இடம் என்பது பின்னணித் திரை அல்ல. கடற்கரையும் சாயும் பொழுதும் வந்துவிட்டால், காத்திருப்பவளின் மனநிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையைக் கடலே செய்துவிடும்.

இதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? என் துப்பறியும் நாவல்கள்தான். லண்டன் தெருவில் மூடுபனி இறங்குகிறது என்று எழுத்தாளர் எழுதினாலே யாரோ சாகப்போகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும். அதுவும் ஒரு வகைத் திணை மரபு! இந்த ஒப்பீட்டை ஆசிரியரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயந்து சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் குறுந்தொகை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அவருடைய வாசிப்பு கவிதையோடு நிற்கவில்லை. புறநானூற்றின் கணியன் பூங்குன்றனாரையும் வள்ளுவரையும் ரோமின் ஸ்டோயிக் சிந்தனையாளர்களோடு ஒப்பிட்டார். பின்னாளில் லண்டன் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இரண்டாவது முனைவர் பட்டம் வாங்கினார். ‘ஒன்றே உலகம்’ என்று பயணநூல் எழுதினார். தமிழைப் பற்றித் தமிழரல்லாதவர்களும் படிக்க வேண்டும் என்று 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். இந்திய இலக்கியம் என்றாலே சமஸ்கிருதம் என்று மேலைப் பல்கலைக்கழகங்கள் நினைத்திருந்த காலம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. ஐரோப்பாவுக்குப் போன இடத்திலெல்லாம் அவர் பழைய நூலகங்களுக்குள் புகுந்தார். தமிழில் முதலில் அச்சான புத்தகங்கள் எவை, அவை எங்கே கிடக்கின்றன என்பது அவருடைய கேள்வி. 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஒரு சிறு கிறிஸ்தவ மறைநூல் அச்சிடப்பட்டது. தமிழ் வாசகம், ஆனால் ரோமன் எழுத்தில். கூடவே போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பும் உண்டு. அதன் படி லிஸ்பன் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. பதினாறே பக்கம். இவை போன்ற நூல்களைப் பற்றி 1958இல் தம் இதழில் விரிவாக எழுதினார்.

வத்திக்கான் நூலகத்தில் ஓர் அகராதியும் இருந்தது. அந்தாவோ தெ புரோயென்சா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் தொகுத்து, 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள். வீரமாமுனிவரின் சதுரகராதிக்கும் முந்தியது. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் வாயில் புழங்கிய சொற்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அடிகளார் அந்த அகராதியை அப்படியே படியெடுத்து 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார்.

மறைநூல், அகராதி, அடியார் வரலாறு. இவற்றை இலக்கியம் என்று யாரும் அடுக்கி வைப்பதில்லை. கையில் எடுத்தால் கொட்டாவி வரும் என்றுதான் நானும் நினைப்பேன். சங்கப் பாடலை ரசித்த அதே மனிதர், அகராதியையும் ஒரு காலத்தின் குரலாகக் கேட்டார். நூலகத்தில் எந்த அடுக்கையும் அவர் தாண்டிப் போகவில்லை.

கோலாலம்பூருக்கு அவர் வந்த கதை நம் சிங்கப்பூரிலிருந்து தொடங்குகிறது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. புக்கிட் தீமா வளாகம் அதற்குச் சொந்தமாக இருந்தது. 1950களில் அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, எந்த இந்திய மொழியைக் கற்பிப்பது, சமஸ்கிருதமா தமிழா என்ற விவாதம் எழுந்தது. தமிழ்தான் வேண்டும் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் இயக்கமே நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் சாதாரண மக்களிடம் நிதி திரட்டினார். பிறகு அந்தத் துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் தனிநாயகம் அடிகள். சிராங்கூன் ரோட்டில் வேலை செய்தவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கொடுத்த ஆதரவு, வர்ஜில் படித்த ஒரு பேராசிரியரின் வகுப்பறையில் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

அங்கிருந்தபடி அவர் தென்கிழக்காசியாவிலும் தமிழின் தடத்தைத் தேடினார். தாய்லாந்து அரண்மனைச் சடங்கு ஒன்றின் பெயரிலும் மந்திரத்திலும் திருவெம்பாவையும் திருப்பாவையும் உருமாறி ஒலிப்பதைக் கவனித்து எழுதினார். உற்சாகத்தில் சில இடங்களில் தமிழின் பங்கைச் சற்றுக் கூடுதலாகவே சொல்லிவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. தேடிப் போகிறவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேய ஆய்வாளர்கள் மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். சிங்கப்பூர் தனிநாடாகி அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு அவர் இன்னொரு வேலையையும் முடித்தார். தமிழியல் படிக்க விரும்புகிறவர் எந்தத் துறைக்கு எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் ஒரு வழிகாட்டி நூல். மாநாட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இந்தப் பட்டியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூலகத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்ற எனக்கு அந்தப் பட்டியல்தான் பெரிதாகப் பட்டது.

அதன் பிறகு சென்னை, பாரிஸ் என்று மாநாடுகள் நடந்தன. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்தது. நிறைவுப் பொதுக்கூட்டத்தில் காவல்துறையினர் புகுந்ததால் ஏற்பட்ட குழப்பத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். 1980 செப்டம்பர் 1ஆம் தேதி அடிகளார் காலமானார். அடுத்த ஆண்டு ஜூன் பிறந்த நேரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 90,000க்கும் மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வாழ்நாளெல்லாம் நூலகம் நூலகமாக அலைந்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஐந்து நிமிட ஒப்படைப்பு பதினோரு நிமிடம் போனது. நேரத்தை மீறியதற்கு மதிப்பெண் குறைந்தது. லிஸ்பன் புத்தகத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பின்வரிசையில் இருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. சனிக்கிழமைகளில் அம்மாவோடு தேக்கா போவது தொடர்கிறது. பையில் முருங்கைக்காயோடு ஒரு துப்பறியும் நாவலும், உரையோடு கூடிய குறுந்தொகையும் கிடக்கின்றன. 401 பாடலில் இதுவரை முப்பத்தெட்டு படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் உரையைப் பார்க்காமல் புரியவில்லை.