எந்திரத்துக்குப் பாடம் சொல்லித் தர நினைத்தவர்



எஜமானர் வரும் காலடிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது. பாகன் சொல்வதைப் புரிந்துகொண்டு யானை மரத்தைத் தூக்கி அடுக்குகிறது. கம்ப்யூட்டரோ சதுரங்கத்தில் நம்மைத் தோற்கடித்து விடுகிறது. இவற்றுக்கெல்லாம் மனம் உண்டா? இவை நம்மைப் போலச் சிந்திக்கின்றனவா?

இன்னொரு கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பன் சிந்திக்கிறான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் தலைக்குள் புகுந்து பார்க்க முடியாதே!

இந்தக் கேள்விகளை ஆராய்ந்து, இன்றைய கணினி உலகத்துக்கே அடித்தளம் போட்ட அறிஞர் ஆலன் டூரிங். அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

போத்தனூரில் பிறந்த தாய்

ஆலன் டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி லண்டன் நகரில் பிறந்தார். ஆனால் அவர் குடும்பத்துக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தந்தை ஜூலியஸ், அன்றைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாய் எதெல் சாரா பிறந்தது கோவைக்கு அருகிலுள்ள போத்தனூரில். தாயின் தந்தை மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். ஆலனின் அண்ணன் ஜான் பிறந்தது குன்னூரில்!

தந்தைக்கு இங்கே வேலை. அதனால் பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தார்கள். பெற்றோரைப் பிரிந்திருந்த காலமே அதிகம்.

ஆலனுக்குப் பத்து வயதானபோது, இயற்கை அதிசயங்களைக் குழந்தைகளுக்கு விளக்கும் புத்தகம் ஒன்று கிடைத்தது. மனித உடலும் ஒருவகை எந்திரமே என்று அதில் எழுதியிருந்தது. அந்த எண்ணம் சிறுவனின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

13 வயதில் ஷெர்போர்ன் என்ற ஊரிலுள்ள பள்ளியில் சேர்ந்தான். பள்ளி திறக்கும் நாளில் நாடு முழுவதும் வேலை நிறுத்தம். ரயில் ஓடவில்லை. துறைமுக நகரான சவுத்தாம்ப்டனில் வந்து இறங்கிய ஆலன், சைக்கிளை எடுத்தான். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம்! வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். அது 1926-ஆம் ஆண்டு.

நண்பனின் பிரிவு

பள்ளியில் ஆலனுக்கு நல்ல பெயர் இல்லை. கையெழுத்து மோசம், நோட்டில் எங்கும் மைக்கறை. அறிவியலிலும் கணக்கிலும் மட்டுமே மூழ்கிக் கிடக்கிறான் என்று ஆசிரியர்கள் குறைபட்டார்கள். அவனைப் புரிந்துகொண்ட நண்பன் கிறிஸ்டோபர் மார்கம். இருவரும் கணக்குகளையும் வானத்து நட்சத்திரங்களையும் பற்றிப் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள்.

1930 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் திடீரென்று இறந்துபோனான். நோய்க் கிருமி கலந்த பசும்பால் மூலம் சிறு வயதிலேயே அவனைக் காசநோய் பற்றியிருந்தது. ஆலனுக்கு அப்போது 17 வயது. துயரம் தாங்கவில்லை. அவ்வளவு அறிவும் அன்பும் நிறைந்த அந்த மனம் எங்கே போயிற்று? உடலுக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

கட்டம் போட்ட காகிதம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த டூரிங், 1936-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மனிதன் கணக்குப் போடும்போது என்னதான் செய்கிறான் என்று அதில் அலசினார்.

உங்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தைப் பார்க்கிறீர்கள். அதிலுள்ள எண்ணைப் படிக்கிறீர்கள். விதிப்படி ஒன்றை எழுதுகிறீர்கள், அல்லது அழிக்கிறீர்கள். பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகிறீர்கள். எவ்வளவு பெரிய கணக்கையும் இப்படிச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துவிடலாம். இந்த வேலையை ஓர் எந்திரமும் செய்யலாம் அல்லவா? விதிகளை மாற்றிக் கொடுத்தால், அதே எந்திரம் வேறு வேலையையும் செய்யும். ஒரே கம்ப்யூட்டர் பாட்டும் பாடி, கணக்கும் போட்டு, படமும் காட்டுவது இந்த அடிப்படையில்தான். அந்தக் காலத்தில் இன்று நாம் பயன்படுத்துவது போன்ற கணினி ஒன்றுகூட இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்!

போரில் ஒரு ரகசியப் பணி

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற எந்திரத்தால் செய்திகளைச் சங்கேத எழுத்துகளாக மாற்றி அனுப்பினார்கள். அதை அமைக்கக்கூடிய வழிகள் எத்தனை தெரியுமா? 159 என்று எழுதி, பக்கத்தில் 18 பூஜ்ஜியங்கள் போட வேண்டும்! அந்த அமைப்பையும் நாள்தோறும் மாற்றிவிடுவார்கள்.

பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் டூரிங்கும் நண்பர்களும் ரகசியமாக உழைத்தார்கள். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்பே கண்டுபிடித்துத் தந்திருந்தவை அவர்களுக்கு உதவின. எனிக்மாவின் அமைப்பைக் கண்டறிய பாம்ப் என்ற எந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் எங்கே காத்திருக்கின்றன என்பது தெரியவந்தது. உணவு ஏற்றி வந்த கப்பல்களும் அவற்றிலிருந்த மாலுமிகளும் தப்பினர். ஆனால் இந்த வேலையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பெற்ற தாயிடம்கூட அவர் சொல்ல முடியவில்லை.

எந்திரக் குழந்தை

போர் முடிந்தபின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டூரிங், 1950-ல் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். எந்திரம் சிந்திக்குமா என்பதே அதிலுள்ள கேள்வி.

அதற்கு அவர் ஒரு விளையாட்டைச் சொன்னார். ஓர் அறையில் நடுவர். வேறு அறையில் ஒரு மனிதரும் ஓர் எந்திரமும். நடுவர் கேள்விகளைத் தட்டச்சு செய்து அனுப்புவார். பதிலும் எழுத்தாகவே வரும். முகமும் தெரியாது, குரலும் கேட்காது. எது மனிதர், எது எந்திரம் என்று நடுவரால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், எந்திரம் சிந்திக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நண்பனின் மனத்தையும் அவன் பேச்சை வைத்துத்தானே அறிகிறோம்!

ஆன்மா மனிதனுக்கு மட்டுமே உண்டு; விலங்குக்கும் இல்லை, எந்திரத்துக்கும் இல்லை என்று சிலர் சொல்வார்கள் என்பதை டூரிங் எதிர்பார்த்தார். கடவுள் விரும்பினால் ஒரு யானைக்கு ஆன்மாவைத் தர முடியாதா, அவருடைய ஆற்றலுக்கு நாம் எல்லை கட்டலாமா என்று அவர்களைத் திருப்பிக் கேட்டார்.

பெரியவர்களின் மனத்தை அப்படியே எந்திரத்தில் உருவாக்குவது கடினம். அதனால் குழந்தையின் மனத்தைப் போன்ற ஒன்றை உருவாக்கி, அதற்குப் பாடம் சொல்லித் தரலாம் என்றார். குழந்தையின் மூளை, கடையில் வாங்கிய புது நோட்டைப் போல எழுதப்படாத பக்கங்கள் நிறைந்தது என்பது அவர் தந்த உவமை. கண், கால் இல்லாத எந்திரம் எப்படிக் கற்கும்? பார்வையும் செவித்திறனும் இல்லாமலே கல்வியில் உயர்ந்த ஹெலன் கெல்லரை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். எந்திரத்தைப் பள்ளிக்கு அனுப்பினால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்றும் வேடிக்கையாகக் கவலைப்பட்டார்!

சதுரங்கம் ஆடுவதற்கான விதிகளையும் அவர் எழுதினார். அவற்றைப் பின்பற்றும் அளவுக்குத் திறன் உள்ள கணினி அன்று இல்லை. 1952-ல் தாமே எந்திரம் போல அமர்ந்து, காகிதத்தில் கணக்கிட்டு நண்பருடன் ஆடினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏறக்குறைய அரைமணி நேரம். கடைசியில் தோல்வி! ஆனால் 1997-ல் டீப் புளூ என்ற கணினி, உலக சாம்பியன் காஸ்பரோவையே வென்றது.

சிறுத்தையின் புள்ளிகளும் பசுவின் திட்டுகளும் எப்படி உருவாகின்றன என்பதையும் கணிதத்தால் விளக்க முயன்று, 1952-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

நாடு கேட்ட மன்னிப்பு

அதே 1952-ல் பெரும் துன்பம் வந்தது. டூரிங் இன்னோர் ஆணை நேசித்தார். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் அது குற்றம். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்குப் பதிலாக, உடலை வருத்தும் மருந்துகளை ஓராண்டு ஏற்க வேண்டியதாயிற்று. ரகசியப் பணியிலும் இனி இடமில்லை என்றார்கள். நாட்டைக் காக்க உழைத்தவருக்கு நாடு செய்த கைம்மாறு இது!

1954 ஜூன் 7 அன்று டூரிங் காலமானார். 42 வயது நிறைய இன்னும் 16 நாட்கள் இருந்தன. தற்கொலை என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். வீட்டில் செய்துவந்த ரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே தாய் நம்பினார்.

2009-ல் பிரிட்டன் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021-ல் அவர் பிறந்தநாளன்று, அவர் படம் அச்சிட்ட 50 பவுண்டு நோட்டு வெளியானது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருது 1966 முதல் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி, 1994-ல் அந்த விருதைப் பெற்றார்.

இன்று கணினிகள் நம்முடன் உரையாடவே செய்கின்றன. அவற்றுக்கு உண்மையில் மனம் உண்டா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நாளை உங்களில் ஒருவர் அதற்கு விடை காணலாம்.

குழந்தைகளே! முகத்தைப் பார்க்காமல், சொல்வதைக் கேட்டு ஒரு மனத்தை எடை போடுங்கள் என்றார் டூரிங். எந்திரத்துக்குக்கூட அந்த நியாயத்தைக் கேட்டவருக்கு, அவர் காலத்து மனிதர்கள் அதைத் தரவில்லை. உங்கள் வகுப்பிலும் கையெழுத்து சரியில்லாதவன், யாரோடும் சேராதவள், எல்லாரும் கேலி செய்யும் ஒருவன் இருக்கலாம். நாளைக்கு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்; அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கிறிஸ்டோபர் அதைத்தான் செய்தான்!