சாண்டோ: ஜிம் போஸ்டருக்குப் பின்னால இருந்த மனுஷன்

செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரம் ஜிம்முல நிற்க இடம் இருக்காது. இன்டர்னல்ஸ் முடிஞ்சதும் பாருங்க, டிரெட்மில்லுல துண்டு மட்டும் காயும்! விட்டுட்டு மூணு மாசம் கழிச்சுத் திரும்பிப் போறதுதான் பெரிய விஷயம். பழைய பேன்ட் பட்டன் போட முடியல, பழைய வெயிட்டும் தூக்க முடியல, கூடப் படிக்கிறவன் பார்த்துச் சிரிப்பானோன்னு வேற ஒரு பயம். இந்த நிலைமையில இருக்குற மக்களே, நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன ஒருத்தரோட கதை உங்களுக்குத்தான்.

அவர் பெயர் யூஜின் சாண்டோ. நம்ம ஊர்ல இந்தப் பெயர் பட்டமாவே ஆகிடுச்சு. எம்.ஜி.ஆரை வெச்சு வரிசையா படம் எடுத்த தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் ஞாபகம் இருக்கா? அந்த சாண்டோ இவர்தான்.

1867ல பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்துல பிறந்தார். நிஜப் பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். சின்ன வயசுல தான் ஒரு நோஞ்சான்னும், அப்பாகூட இத்தாலி போனப்போ அங்கிருந்த பழைய சிலைகளைப் பார்த்துத்தான் உடம்பை வளர்க்க ஆசை வந்ததுன்னும் பின்னாடி சொல்லிக்கிட்டார். கொஞ்சம் மசாலா கலந்திருக்கலாம். ராணுவத்துல சேர்றதைத் தவிர்க்க ஊரை விட்டுக் கிளம்பி, சர்க்கஸ் சர்க்கஸா அலைஞ்சவர், பிரஸ்ஸல்ஸ்ல அட்டிலா என்ற பெயரில் பயிற்சி கொடுத்த லூயி டுர்லாக்கர்கிட்ட போய்ச் சேர்ந்தார். கனமான எடைகளை முறையா தூக்க அங்கதான் கத்துக்கிட்டார்.

1889ல லண்டன் மேடையில சாம்சன் என்ற பலசாலியோட சவாலை ஏத்து ஜெயிச்சதும் ஒரே ராத்திரியில ஸ்டார் ஆகிட்டார். 1893ல அமெரிக்கா. அங்கே ஃபுளோரன்ஸ் சீக்ஃபெல்ட் என்ற இளம் நிகழ்ச்சி அமைப்பாளர் ஒண்ணு கவனிச்சார்: இவர் எவ்வளவு தூக்குறார் என்பதைவிட இவர் உடம்பைப் பார்க்கத்தான் ஜனம் வருது! அதனால சாண்டோ சும்மா நின்னு தசையை அசைச்சுக் காட்டுறதே ஒரு ஷோ ஆச்சு. 1894ல எடிசனோட ஸ்டுடியோவிலேயே அதைப் படம் பிடிச்சாங்க. சினிமா பிறந்த காலத்துலயே ஆர்ம்ஸ் காட்டிய ஆள் இவர்.

அடுத்து அவர் செஞ்சதுதான் நமக்கு முக்கியம். 1897ல லண்டன்ல ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். உலகத்துல அதுக்கு முன்னாடியும் ஜிம் இருந்தது. ஆனா இவர் குறி வெச்சது பயில்வான்களை இல்ல. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து கணக்கு எழுதுற குமாஸ்தாக்களை, தொப்பை போட்ட நடுவயசுக்காரங்களை. புத்தகம் எழுதினார். 1898ல மாதப் பத்திரிகை தொடங்கினார். நேர்ல வர முடியாதவங்களுக்குத் தபால்லயே பாடம் அனுப்பினார். இன்னைக்கு ஃபிட்னஸ் ஆப் செய்றதை அன்னைக்குத் தபால்காரர் செஞ்சார், அவ்வளவுதான்.

அவரோட முறை ரொம்ப சிம்பிள். சில பவுண்டு எடை உள்ள டம்பெல், தினமும் கொஞ்ச நேரம், எந்தத் தசை வேலை செய்யுதோ அதுமேல கவனம். மார்பு, இடுப்பு, கை, தொடை எல்லாத்தையும் அளந்து எழுதி வைக்கணும். கவனம் சிதறாம இருக்க ஒரு கருவியும் வித்தார். டம்பெல்லை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து நடுவுல ஸ்பிரிங் வெச்சிருப்பாங்க. பயிற்சி முழுக்க ரெண்டு பாதியையும் அமுக்கிப் பிடிச்சே இருக்கணும். பிடி தளர்ந்தா விரிஞ்சு காட்டிக்கொடுத்துடும். பலம் கூடினா ஸ்பிரிங்கைக் கூட்டிக்கலாம். மெக்கானிக்கல் மக்கள் ரசிக்க வேண்டிய டிசைன்.

இங்க ஒரு விஷயத்தை ஒளிக்காம சொல்லணும். விளம்பரத்துல இருந்த சாண்டோவோட உடம்பு இந்தக் குட்டி டம்பெல்லால வந்தது இல்ல. அது வருஷக்கணக்கா கனமான எடை தூக்கி வந்தது. போட்டோவைப் பார்த்து வாங்கினவங்க எத்தனை பேர் ஏமாந்திருப்பாங்களோ! இன்ஸ்டாவுல புரோட்டீன் பவுடர் விக்கிறவங்களுக்கு இவர்தான் தாத்தா.

ஆனா அந்தக் குட்டி டம்பெல் ஒரு குமாஸ்தாவை நாற்காலியை விட்டு எழுப்பியது. தினமும் எழுப்பியது. எழுந்தவர் தன்னை ஒப்பிட்டுப் பார்த்தது தன்னோட போன மாச அளவுகூட. விட்ட இடத்துல இருந்து திரும்பத் தொடங்குறவனுக்கு வேண்டியது இதுதான். பழைய வெயிட்டை முதல் நாளே தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, ரெண்டாம் நாள் என்பதே கிடையாது.

1901 செப்டம்பர்ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல பெரிய உடலழகுப் போட்டி நடத்தினார். மூணு வருஷம் முன்னாடியே அறிவிச்சு, ஊர் ஊரா தேர்வு வெச்சு, இறுதிக்கு 60 பேர் வந்தாங்க. அவர்கூட உட்கார்ந்த நடுவர்கள்ல ஒருத்தர் ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கானன் டாயில். தசை பெருசா இருந்தா மட்டும் பரிசு இல்ல. உடம்பு முழுக்கச் சமமா வளர்ந்திருக்கா, ஆரோக்கியமா இருக்கா, தோல் எப்படி இருக்கு என்பதுக்கும் மார்க். பைசெப்ஸ் மட்டும் அடிச்சுட்டு லெக் டேவை ஸ்கிப் பண்றவங்க அன்னைக்கே ஃபெயில்!

1904-05ல இந்தியாவுக்கும் வந்தார். 1911ல மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தன் உடற்பயிற்சி ஆசிரியராக நியமித்தார். அப்புறம் இறங்குமுகம். கோகோ பானம் விக்கத் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மன்காரர் என்ற சந்தேகம் வந்தது, 1916ல கம்பெனி மூழ்கியது. 1925 அக்டோபர் 14 அன்று, 58 வயசுல இறந்தார். லண்டன் புட்னி வேல் கல்லறையில புதைச்சாங்க. குடும்பம் பெயர்க்கல்கூட வைக்கல. பல பத்து வருஷம் அந்த இடம் வெறும் மண்ணாவே கிடந்தது. மிஸ்டர் ஒலிம்பியாவுல ஜெயிக்கிறவங்க கையில கொடுக்குற சிலை மட்டும் அவரோட உருவம்.

உலகமே பார்த்த அந்த உடம்புக்குப் பல பத்து வருஷம் ஒரு கல்லுகூட இல்லாம இருந்தது. ஆனா அளந்து எழுதி, சின்ன எடையில தொடங்கி, தினமும் செய்யணும்ங்கிற அந்தப் பழக்கம் நம்ம ஹாஸ்டல் வரைக்கும் வந்திருக்கு. போட்டோவை விடுங்க, பழக்கத்தை எடுத்துக்குங்க. ஒரு நோட்டுல இன்னைக்கு இடுப்பளவை எழுதுங்க. நாளைக்குச் சின்ன டம்பெல்லையே எடுங்க. யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும், நாளன்னைக்கும் போங்க.