கை சுற்றிய வேகம் முதல் 52எக்ஸ் வரை: சாமிக்கண்ணு வின்சென்ட் வாழ்ந்த இரண்டு காலம்

சிடி எழுதும்போது 16எக்ஸ், 52எக்ஸ் என்று வேகம் காட்டுமே, அதை யார் முடிவு பண்றாங்க? நாமா, டிரைவா, சிடியா? இந்தக் கேள்வி சிடிக்கு முன்னாடியே சினிமாவில் வந்துவிட்டது. அதற்கு விடை மாறிய காலத்தில் தொழில் நடத்தியவர் கோவையின் சாமிக்கண்ணு வின்சென்ட்.

யார் இவர்?

1883ல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை, மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905ல் ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் சரியில்லாமல் நாடு திரும்ப நினைத்தார். அவருடைய புரொஜக்டரையும் படச்சுருள்களையும் ஏறக்குறைய 2,000 ரூபாய் கொடுத்து வின்சென்ட் வாங்கினார். அதாவது ஆறு வருஷச் சம்பளத்துக்கும் மேல். அப்போது அவருக்கு வயசு 22.

வேலையை விட்டுவிட்டு, இயேசுவின் வாழ்க்கை பற்றிய ஊமைப்படத்தோடு கிளம்பினார். கூடாரம் அடித்து, தமிழகம் தாண்டி வட இந்தியா, பர்மா வரை படம் காட்டினார்.

அப்போ வேகம் யார் கையில்?

ஆபரேட்டர் கையில்தான். அந்தக் கால புரொஜக்டர்களைக் கைப்பிடியால் சுற்ற வேண்டும். நொடிக்குச் சுமார் 16 படங்கள் என்பது பொதுவான கணக்கு. கொஞ்சம் வேகமா சுத்தினா திரையில் மனிதர்கள் ஓடுவார்கள். மெதுவா சுத்தினா வெளிச்சம் விட்டுவிட்டுத் துடிக்கும். சுற்றுவதை நிறுத்திவிட்டால் ஆபத்து. அந்த ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும்; விளக்குச் சூட்டின் முன் நின்றாலே போச்சு. போட்ட முதல் மொத்தமும் அந்தச் சுருள்களில்தான் இருந்தது.

1914ல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் கட்டிய ஆரம்பகால நிரந்தரத் திரையரங்குகளில் அது ஒன்று.

பேசும் படம் என்ன மாற்றியது?

1931ல் 'ஆலம் ஆரா', அதே ஆண்டு 'காளிதாஸ்'. ஒலியை ஒளியாக மாற்றி, ஃபிலிமின் ஓரத்தில் மெல்லிய தடமாகப் பதிந்தார்கள். திரையரங்கில் ஒரு சின்ன விளக்கு அந்தத் தடத்தின் வழியே ஒளி பாய்ச்ச, ஒளிமின்கலம் அதைப் படித்து ஒலியாக்கும். இங்கே கையால் சுற்றினால் குரல் கீச்சிடும், இழுக்கும். மெதுவாக ஓட்டிப் பதிந்தால் ஒலித் தெளிவு குறையும். வேகமாக ஓட்டினால் ஃபிலிம் செலவு எகிறும். அதனால் நொடிக்கு 24 படங்கள் என்று நிலைத்தது. ஆபரேட்டர் விருப்பப்படி வேகத்தை மாற்ற வழியில்லை. எழுதிய வேகத்திலேயே மோட்டார் ஓடியாக வேண்டும்.

பழைய புரொஜக்டர்காரர்கள் பலருக்கு இது சோதனை. வின்சென்ட் ஒதுங்கவில்லை. கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து, டி.பி.ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தை 1933ல் கொண்டுவந்தார். படம் நன்றாக ஓடியது.

சிடி டிரைவ் என்ன செய்கிறது?

அதுவும் ஒளியால் எழுதுவதுதான். வெற்று சிடியில் முன்கூட்டியே ஒரு பள்ளத்தடம் இருக்கும். அந்தத் தடத்தின் மெல்லிய நெளிவில் தயாரிப்பாளர் யார், எவ்வளவு வேகம் தாங்கும் என்ற தகவல் இருக்கும். டிரைவ் முதலில் அதைப் படிக்கும். பிறகு உள்ஓரத்தில் ஒதுக்கிய இடத்தில் பல அளவு லேசர் சக்தியில் சோதனையாக எழுதி, எது சரியாகப் பதிகிறது என்று பார்க்கும்.

வேகம் கூடினால் ஒரு புள்ளியில் லேசர் நிற்கும் நேரம் குறையும். அதனால் சக்தியைக் கூட்ட வேண்டும். சிடியின் சாயப்பூச்சு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் பிழை வரும். அதனால்தான் 52எக்ஸ் டிரைவில் போட்டாலும் சில சிடிகள் குறைந்த வேகத்திலேயே எழுதப்படுகின்றன. 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட். 52எக்ஸ் வேகமும் வெளிவிளிம்பை நெருங்கும்போதுதான் கிடைக்கும்.

ஆக, நாம் தேர்வு செய்வது உச்ச வரம்பு மட்டும்தான். மிச்சத்தை டிரைவும் சிடியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முக்கியமான கோப்புகளுக்கு, சிடி தாங்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து எழுதி, பிறகு சரிபார்ப்பது நல்லது.

வின்சென்ட் 1942ல் மறைந்தார். கை சுற்றிய காலத்தையும் மோட்டார் காலத்தையும் தொழிலாகவே பார்த்துவிட்ட அவருடைய திரையரங்கின் பெயரில்தான் கோவையின் வெரைட்டி ஹால் ரோடு இன்றும் இருக்கிறது.