மலைக் கிராமத்தில் எழுதப்பட்ட கணினி மொழி: கொன்ராட் சூசேயின் கதை

1945 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில், குண்டுவீச்சில் சிதைந்துகொண்டிருந்த பெர்லின் நகரிலிருந்து ஓர் இயந்திரம் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு புகையிரதத்தில் ஏற்றப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ ஒரு தொன். கூடவே சென்றவர் கொன்ராட் சூசே என்ற 34 வயதுப் பொறியியலாளர். அவருக்குத் திருமணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊரை விட்டு ஓடும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி நம்மில் பலருக்குப் புதிதல்ல. சூசே எடுத்துச் சென்றது தன் நான்காவது கணினியை. முதல் மூன்றும் அவரோடு வரவில்லை.

சூசே 1910 ஜூன் 22 ஆம் திகதி பெர்லினில் பிறந்தார். தந்தை தபால் திணைக்கள ஊழியர். பெர்லினில் கட்டடப் பொறியியல் படித்த காலத்தில், ஒரே மாதிரியான கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது அவருக்குச் சலிப்பாக இருந்தது. இதை ஓர் இயந்திரம் செய்யக்கூடாதா என்று யோசித்தார். 1935 இல் பட்டம் பெற்று ஹென்ஷெல் விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர், சீக்கிரமே அதை விட்டுவிட்டு, பெற்றோரின் வீட்டு வரவேற்பறையிலேயே இயந்திரம் கட்டத் தொடங்கினார். தகரத் துண்டுகளைக் கையால் வெட்டி நண்பர்கள் உதவினார்கள். பழைய சினிமாப் படச்சுருளில் துளையிட்டுக் கட்டளைகள் கொடுக்கப்பட்டன. 1938 இல் முடிந்த இசட்1 ஒழுங்காக ஓடவில்லை. ஆனால் தொலைபேசி நிலையங்களில் பாவிக்கும் றிலே ஆளிகளைக் கொண்டு அமைத்த இசட்3 ஓடியது. 1941 மே 12 ஆம் திகதி அது காட்சிப்படுத்தப்பட்டது. செய்நிரலால் இயங்கும் முதலாவது கணினி என்று இன்று பலரும் ஏற்றுக்கொள்வது இதைத்தான்.

இதில் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. போர் தொடங்கியதும் படைக்கு அழைக்கப்பட்ட சூசே, 1940 இல் விடுவிக்கப்பட்டு மீண்டும் ஹென்ஷெலுக்கு அனுப்பப்பட்டார். அங்கே எச்எஸ் 293 என்ற வழிநடத்தப்படும் குண்டின் இறக்கைகளில் இருந்த சிறு அளவுப் பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்துவதற்கு, அவர் கட்டிய தனிக் கணினிகள் பயன்பட்டன. 1943 நவம்பர் 26 ஆம் திகதி மத்தியதரைக் கடலில் ரோனா என்ற கப்பலை மூழ்கடித்தது இந்த வகைக் குண்டுதான். ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். சூசே நாசிக் கட்சியின் உறுப்பினர் அல்லர். ஆனாலும் அவருடைய ஆராய்ச்சிக்கான பணமும், அவரைப் போர்முனைக்கு அனுப்பாமல் காத்த கடிதங்களும் குண்டு செய்த கைகளிலிருந்தே வந்தன. அவரை மேதை என்று எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அதே மாதிரியான வான்தாக்குதல்தான் அவர் உழைப்பையும் அழித்தது. 1943 டிசம்பர் 21 ஆம் திகதி இசட்3 நொறுங்கியது. இசட்1 உம் குண்டுவீச்சில் போனது. எஞ்சியது பாதி முடிந்த இசட்4. பெர்லினிலிருந்து கோட்டிங்கன் நகருக்கு அதைக் கொண்டு சென்ற பிறகு, ஹார்ஸ் மலையின் சுரங்கத் தொழிற்சாலைகளுக்கு அதை மாற்றும்படி சொல்லப்பட்டது. வதைமுகாம் கைதிகளைக் கொண்டு ஏவுகணை செய்யப்பட்ட இடம் அது. அங்குள்ள நிலையைப் பார்த்த சூசே, இயந்திரத்தை அங்கே வைக்க விரும்பாமல் தெற்கு நோக்கிப் போனார். அதன் அப்போதைய பெயர் வி4. பரிசோதனை மாதிரி என்பதற்கான ஜேர்மன் சொல்லின் முதலெழுத்துத்தான் அந்த வி. வி2 ஏவுகணையின் அடுத்த வடிவம் என்று அதிகாரிகள் எண்ணிக்கொண்டது லொறி கிடைக்க உதவியது.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஹின்டர்ஸ்டைன் என்ற கிராமத்தில் பயணம் முடிந்தது. இயந்திரம் ஒரு கொட்டிலில் ஒளித்து வைக்கப்பட்டது. அதை ஓட்ட வசதி இல்லை. கையில் இருந்தது தாளும் பென்சிலும்தான். பெர்லினில் சில ஆண்டுகளாகக் குறித்து வைத்திருந்த எண்ணங்களை அங்கே ஒழுங்குபடுத்தி, பிளான்கல்குயூல் என்ற கணினி மொழியை அவர் எழுதி முடித்தார். உயர்நிலைக் கணினி மொழி என்று சொல்லக்கூடிய முதல் முயற்சி அது.

அந்த மொழியின் அடிப்படைச் சிந்தனை மிகச் சிறியது. உலகில் சொல்லக்கூடிய எதுவும் ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைப் பதிலில், அதாவது ஒரு பிட்டில், தொடங்குகிறது. பிட்டுகளை வரிசையாக வைத்தால் அது அணி. அணிகளை வரிசையாக வைத்தால் இன்னொரு அணி. சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்த பிள்ளைகளுக்கு அணி என்றால் தெரியும்: ஒரே பெயரின் கீழ் இலக்கமிட்டு அடுக்கிய பெறுமானங்கள். இன்றைய மொழிகள் பலவற்றில் ஓர் எண்ணை அதன் துண்டுகளின் அணியாக மாற்றத் தனியே கட்டளை எழுத வேண்டும். சூசேயின் மொழியில் அந்த மாற்றமே தேவையில்லை. 13 என்பது 1101 என்ற நான்கு பிட்டுகளின் அணியாகவே பிறக்கிறது. ஒவ்வொரு மாறியின் கீழும் மூன்று வரிகள் எழுதப்பட்டன: எத்தனையாவது மாறி, அணியின் எந்தத் துண்டு, அதன் அமைப்பு என்ன. எந்தப் பெறுமானத்தையும் முழுதாகவும் பார்க்கலாம், உள்ளே கைவிட்டு ஒரு துண்டை மட்டும் எடுக்கவும் செய்யலாம்.

இதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது சதுரங்கம். பலகையின் ஒரு பக்கத்தில் எட்டுக் கட்டங்கள் என்பதால், ஓர் ஆள்கூற்றுக்கு மூன்று பிட்டுகள் போதும். அப்படி இரண்டைச் சேர்த்தால் ஒரு கட்டத்தின் முகவரி. காய்கள் ஆறு வகை, நிறம் இரண்டு, வெற்றுக் கட்டம் ஒன்று. மொத்தம் 13 நிலைகள். நான்கு பிட்டுகளில் அடங்கிவிடும். அதை 64 தடவை அடுக்கினால் முழுப் பலகை. ராஜாவும் குதிரையும் சிப்பாயும் 256 ஆம்-இல்லைகளாக மாறிவிட்டன. ஒரு நகர்வு விதிப்படி சரியானதா என்று பார்க்கும் செய்நிரல்களை அவர் தாளிலேயே எழுதினார். சரிபார்க்க அவரிடம் கணினி இல்லை.

அந்த ஆண்டு நவம்பரில் மூத்த மகன் பிறந்தான். 1949 இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வார்ட் ஸ்டீஃபெல் தேடி வந்து இசட்4 ஐ வாடகைக்குக் கேட்டார். அடுத்த ஆண்டு அது சூரிச்சில் ஓடியது. அந்தப் பணம் சூசேயின் நிறுவனத்தை நிமிர்த்தியது. சுமார் 250 கணினிகள் விற்ற பின் அது சீமென்ஸ் கைக்குப் போனது. இசட்3 க்காக 1941 இல் கேட்ட காப்புரிமையை, போதிய கண்டுபிடிப்புத் தன்மை இல்லையென்று ஜேர்மன் நீதிமன்றம் 1967 இல் நிராகரித்தது.

மொழியின் நிலை இன்னும் மோசம். 1948 இல் ஒரு சிறு கட்டுரை வந்ததோடு சரி. முழுக் கைப்பிரதி 1972 இல்தான் அச்சேறியது. அதற்குள் ஃபோர்ட்ரானும் அல்கோலும் வந்து, அணி என்பது எல்லோருக்கும் பழகிய பொருளாகிவிட்டது. சூசே ஓவியம் வரைந்துகொண்டு, 1980களின் கடைசியில் இசட்1 ஐ மறுபடியும் கட்டி முடித்தார். 1995 டிசம்பர் 18 ஆம் திகதி ஹூன்ஃபெல்ட் நகரில் இறந்தார்.

2000 ஆம் ஆண்டில் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பிளான்கல்குயூல் மொழியின் ஒரு பகுதியைக் கணினியில் ஓட வைத்தது. இசட்4 இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.